மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தாங்களே வரைய எப்படி உதவுவது?

சாரல் டீச்சர்:

வணக்கம். கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். எங்களுக்குத் தனியாக ஓவிய ஆசிரியர் கிடையாது. நவம்பர் 14 அன்று வகுப்புச் சுவரில் ஒவ்வொரு பிள்ளையின் முகமும் இருக்க வேண்டும், அதை அவரவரே வரைந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மொத்தம் 22 பேர்.

போன வாரம் வெள்ளோட்டமாக, "உங்களை நீங்களே வரையுங்கள்" என்று தாள் கொடுத்தேன். 22 தாளிலும் ஒரே முகம். வட்டம், அதன் உச்சியில் இரண்டு முட்டைக் கண்கள், 'ட' எழுத்தைப் போட்டதுபோல மூக்கு, காதுவரை நீண்ட சிரிப்பு. பெண் பிள்ளைகள் எல்லோரும் இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டி வருகிறவர்கள். படத்திலோ எல்லோருக்கும் இடுப்புவரை விரித்த கூந்தல். முன்பல் விழுந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒரு படத்திலும் அந்த இடைவெளி இல்லை.

வண்ணம் தீட்டும்போது 'ஸ்கின் கலர்' என்று சொல்கிறார்களே, அந்த வெளிறிய ஆரஞ்சுக் கிரேயானுக்குச் சண்டை. எல்லாப் பெட்டியிலும் முதலில் தீர்ந்துபோவது அதுதான். நல்ல கருத்த நிறமுள்ள ஒரு சிறுமி அதையே முகம் முழுக்க அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். "உன் கையைப் பார், இந்த நிறமா இருக்கிறது?" என்று கேட்டேன். "படத்தில் இப்படித்தான் போட வேண்டும் டீச்சர்" என்றாள். அந்தப் பதில் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று. ஒரு பையனுக்குக் கன்னத்தில் சிறு வயதில் பட்ட தீக்காயத் தழும்பு இருக்கிறது. கண்ணாடியைக் கொடுத்து வரையச் சொன்னால் அவன் மனம் புண்படுமோ என்று தயங்குகிறேன். உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர், முகத்தின் கோட்டை நகல் எடுத்துக் கொடுத்து வண்ணம் மட்டும் தீட்டச் சொல்லிவிடலாம், யாருக்கும் சிரமம் இல்லை என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

தூரிகை:

டீச்சர், திட்டத்தை விட்டுவிடாதீர்கள். அந்த நகல் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். வேறு யாரோ வரைந்த முகத்துக்குள் 22 பிள்ளைகள் வண்ணம் அடைத்தால் சுவரில் தொங்குவது ஒரே முகத்தின் 22 பிரதிகள். அதற்கு அவர்கள் எதற்கு?

நான் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவன். அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றேன். ஐந்தாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளைகள் எல்லோரும் நீங்கள் சொல்லும் அந்த முகத்தைத்தான் கையில் கொண்டுவருவார்கள். ஏழெட்டு வயதில் பிள்ளைகளிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்பாடு இருக்கும். வீடு என்றால் இப்படி, மரம் என்றால் இப்படி, ஆள் என்றால் இப்படி. அதைக் குறையாக எண்ணாதீர்கள், வளர்ச்சியில் அது ஒரு கட்டம். ஆனால் "உன்னை வரை" என்று மட்டும் சொன்னால் வாய்பாட்டைத்தான் ஒப்பிப்பார்கள். பார்ப்பதற்கு ஒரு காரணத்தை நாம் கொடுக்க வேண்டும்.

ஆகவே முதல் வகுப்பில் பென்சிலே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தடவச் சொல்லுங்கள். புருவத்தின் எலும்பு எங்கே முடிகிறது? மூக்கு எங்கே கெட்டியாக இருக்கிறது, எங்கே வளைகிறது? காதின் மேல் விளிம்பிலிருந்து விரலை நேராகக் கொண்டுவந்தால் எதில் முட்டுகிறது? புருவத்தில் முட்டும். காதின் அடியிலிருந்து கொண்டுவந்தால் மூக்கின் அடிக்கு வரும். இதை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்கள் விரல் சொல்லட்டும்.

அடுத்தது ஈர்க்குச்சி. இரண்டிரண்டு பேராக உட்காரவையுங்கள். ஒருவன் தலைமேல் புத்தகத்தைப் படுக்கையாக வைத்துப் பிடிக்கட்டும். மற்றவன் புத்தகத்திலிருந்து கண்வரை ஈர்க்கை நிமிர்த்திப் பிடித்து அளந்து முறிக்கட்டும். அதே குச்சியைக் கண்ணிலிருந்து கீழே வைத்தால் ஏறக்குறைய மோவாய்க்கு வந்துவிடும். நம்பவே மாட்டார்கள், திரும்பத் திரும்ப அளப்பார்கள். அளக்கட்டும். முடி மூடிய மண்டையை யாரும் முகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் எல்லாப் படத்திலும் கண் உச்சிக்குப் போய்விடுகிறது. பெரியவர்களுக்குக் கண் சரியாக நடுவில் என்றால், சிறு பிள்ளைகளுக்கு நடுவுக்குச் சற்றுக் கீழேகூட இருக்கும். நெற்றி பெரிது, மோவாய் சிறிது. இணையத்தில் கிடைக்கும் அளவு விதிகள் பெரும்பாலும் பெரியவர் முகத்துக்கானவை. அவற்றை எட்டு வயதுப் பிள்ளையின் படத்தின்மேல் ஏற்றினால் படத்தில் குட்டி மாமா ஒருவர் வந்து நிற்பார்.

கண்ணாடிக்கு அதிகம் செலவு வேண்டாம். ஃபேன்சி ஸ்டோரில் பிளாஸ்டிக் சட்டம் போட்ட கைக்கண்ணாடி கிடைக்கும். பதினொன்று வாங்கினால் இருவருக்கு ஒன்று. கையில் பிடித்தபடி வரைய முடியாது, புத்தகப் பையில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும்படி உட்காரவைத்தால் மூக்கின் ஓரத்தில் நிழல் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் 'ட' மூக்கு தானாகப் போய்விடும்.

வரையும்போது நீங்கள் கேட்கும் கேள்விதான் எல்லாம். "அழகாக வரை", "சரியாக வரை" இரண்டும் வேண்டாம். முடி நெற்றியில் நேராகத் தொடங்குகிறதா, வளைந்தா? வகிடு எந்தப் பக்கம்? பொட்டு இரண்டு புருவத்துக்கு நடுவிலா, கொஞ்சம் மேலேயா? சிரித்தால் எந்தப் பல் காணவில்லை? இப்படிக் கேளுங்கள். அவர்கள் தாளில் நீங்கள் ஒரு கோடும் போடாதீர்கள். கரும்பலகையில் முகம் வரைந்து காட்டவும் வேண்டாம். காட்டினால் உங்கள் கரும்பலகை முகம் 22 தாளிலும் வந்துவிடும்.

ரப்பரை வாங்கி வைத்துவிடுங்கள். இதில் நான் கண்டிப்பானவன். ரப்பர் இருந்தால் பிள்ளை முகத்தைப் பார்ப்பதை விட்டுத் தாளைப் பார்த்து அழித்துக்கொண்டே இருக்கும். தவறான கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போடட்டும். ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மன் ஓவியர் 1484ஆம் ஆண்டு, தம் 13 வயதில், கண்ணாடியைப் பார்த்துத் தம்மை வரைந்த படம் இன்றும் வியன்னாவில் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பென்சிலால் அல்ல, வெள்ளிக் கம்பியின் முனையால் வரைந்தது அது. அந்தக் கோட்டை அழிக்கவே முடியாது. சிறுவனாக இருந்தபோது கண்ணாடி பார்த்து என்னை வரைந்தேன் என்று பிற்காலத்தில் அவரே அந்தத் தாளின் மேல்மூலையில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு கை நீட்டியிருக்கும், இன்னொரு கை சட்டைக்குள் மறைந்திருக்கும். அந்தப் படத்தைக் கைப்பேசியில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உங்களைவிட ஐந்து வயதுதான் மூத்தவன் என்று சொல்லுங்கள்.

இனி அந்தக் கிரேயான். அந்தச் சிறுமி சொன்னதில் பொய் இல்லை. அவள் பார்த்த படங்களில் எல்லாம் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கிரேயோலா கிரேயான்களில் இந்த நிறத்துக்குத் 'தோல் நிறம்' என்றுதான் பெயர் இருந்தது. 1962இல் அதைப் 'பீச்' என்று மாற்றினார்கள். நம் வகுப்பறைகளில் பழைய பெயரே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "அந்தக் குச்சியைத் தொடாதே" என்று தடை போட வேண்டாம். பெட்டியில் உள்ள எந்த ஒரு குச்சியும் யாருடைய தோலின் நிறமும் இல்லை என்பதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஒரு தனி வகுப்பு ஒதுக்குங்கள். வேண்டாத தாளில் சிறு சிறு கட்டங்கள். முதலில் மஞ்சளோ ஆரஞ்சோ மெல்லத் தடவி, அதன்மேல் பழுப்பு, தேவைப்பட்டால் கொஞ்சம் சிவப்பு. ஒவ்வொரு கட்டத்தையும் முன்கைமேல் வைத்து ஒத்துப் பார்க்கட்டும். நிறத்தை ஆழமாக்கக் கறுப்பை எடுக்காதீர்கள், அழுக்கேறியதுபோல ஆகிவிடும். பழுப்பின்மேல் கருநீலத்தை லேசாக ஓட்டினால் கருத்த தோலில் உள்ள மினுமினுப்பு வரும். போஸ்டர் கலர் இருந்தால் இன்னும் நல்லது: சிவப்பும் மஞ்சளும் கலந்த ஆரஞ்சில் துளி நீலம் விட்டால் பழுப்பு, வெள்ளை சேர்த்தால் வெளிறும். செம்மண்ணைச் சலித்துப் பசைநீரில் குழைத்தும், கெட்டி டிகாஷனைத் தொட்டும் நான் வரையவைத்திருக்கிறேன். அஜந்தாவின் முதல் குகையில் கருத்த மேனியும் செம்மண் மேனியும் வெளிறிய மேனியும் அருகருகே இருக்கின்றன, அத்தனையும் மண்ணும் கல்லும் கரியும் தந்த நிறங்கள். அந்தப் படங்களையும் காட்டுங்கள். கறுத்த முகம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருக்கிறது என்று அந்தச் சிறுமி பார்க்க வேண்டும்.

தழும்புள்ள பையனைப் பற்றி. இன்ன நாள் கண்ணாடி பார்த்து வரையப் போகிறோம் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்று காலை திடீரென்று கண்ணாடியை நீட்டாதீர்கள். முகத்தை நேராகவோ எந்தப் பக்கம் திருப்பியோ வரையலாம் என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லுங்கள். டியூரர் படத்திலும் முகம் ஒரு பக்கம் திரும்பித்தான் இருக்கும். தழும்பை வரைவதும் விடுவதும் அவன் உரிமை. வரைந்தால் தனியாகப் பாராட்ட வேண்டாம், விட்டால் "ஒன்றை விட்டுவிட்டாயே" என்று கேட்கவும் வேண்டாம். மற்ற பிள்ளைகளும் கேட்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இயற்பியல் நண்பன்:

தூரிகை ஐயா சொன்னதோடு இரண்டு சிறு குறிப்புகள்.

ஒன்று, கண்ணாடியில் இடவலம் மாறும். இடது பக்கம் வகிடு எடுக்கும் பிள்ளை கண்ணாடியைப் பார்த்து வரைந்தால், நேருக்கு நேர் பார்க்கும் நண்பனுக்கு அது பக்கம் மாறித் தெரியும். "தப்பாக வரைந்திருக்கிறாய்" என்று சண்டை வரும். தழும்புள்ள பையனுக்கும் இதே பேச்சு வரலாம் என்பதால் முன்பே விளக்கிவிடுங்கள். டச்சு ஓவியர் வான்கோ 1888 டிசம்பரில் காயப்படுத்திக்கொண்டது இடது காதை. அடுத்த மாதம் அவர் வரைந்த படத்திலோ கட்டு வலது காதில் இருப்பதுபோலத் தெரிகிறது. கண்ணாடி பார்த்து வரைந்ததுதான் காரணம். (இது உங்களுக்காக. பிள்ளைகளுக்கு வகிடே போதும்.)

இரண்டு, விளையாட்டுக்காக ஒன்று. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், கண்ணாடியில் தெரியும் முகத்தின் ஓரத்தை வெள்ளைப்பலகை மார்க்கரால் கண்ணாடிமேலேயே வரையச் சொல்லுங்கள். பிறகு அளந்து பார்த்தால் உண்மையான முகத்தில் சரிபாதிதான் இருக்கும். கிட்டே நின்றாலும் தள்ளி நின்றாலும் பாதிதான். நாம் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரமோ, பிம்பம் பின்னால் அவ்வளவு தூரம். கண்ணாடி நடுவில் வெட்டுவதால் பாதி. துணியால் துடைத்தால் மை போய்விடும்.

நான்கு வயதுக்காரியின் அம்மா:

நடுவில் ஒரு கேள்வி கேட்கலாமா? என் மகளுக்கு நான்கு வயது. அவளை அவளே வரைந்தால் ஒரு பெரிய வட்டம், அதிலிருந்து நேராக இரண்டு கால்கள். உடம்பும் இல்லை, கைகளும் இல்லை. கை வரையாத குழந்தைக்கு மனத்தில் ஏதோ பயம் இருக்கிறது என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் படங்களை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிறப்பாசிரியை:

சகோதரி, கவலைப்படாதீர்கள். மூன்று, நான்கு வயதில் உலகெங்கும் குழந்தைகள் வரையும் படம் அது. தலையிலிருந்தே கால் முளைக்கும். உடம்பு பின்னால் வரும், கழுத்து அதற்கும் பின்னால். கைகள் சில நாள் இருக்கும், சில நாள் காணாமல் போகும். அவளுக்கு அன்றைக்கு எது முக்கியமோ அது பெரிதாக வரும்.

படத்தை வைத்துக் குழந்தையை எடைபோடும் பழக்கம் பழையது. 1926இல் ஃப்ளாரன்ஸ் குடினஃப் என்ற அமெரிக்க உளவியலாளர், குழந்தை வரைந்த ஆள் படத்தில் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று எண்ணி அறிவு வளர்ச்சியை மதிப்பிடும் முறையை வெளியிட்டார். பலர் அதைத் தொடர்ந்து மாற்றியும் விரித்தும் பயன்படுத்தினார்கள். ஆனால் ஒரு படத்தில் கை இல்லை என்பதிலிருந்து பயம், துன்பம், குறைபாடு என்று முடிவுகட்ட முடியாது. பேச்சு, விளையாட்டு, உறக்கம் இவற்றில் மாற்றம் தெரிந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் படத்தைக் காட்டி, "இதைப் பற்றிச் சொல்" என்று மட்டும் கேளுங்கள். "கை எங்கே?" என்று கேட்டால் அடுத்த படத்தில் உங்களுக்காகக் கை போட்டுவிடுவாள், அவ்வளவுதான்.

சாரல் டீச்சருக்கும் இதையே சொல்கிறேன். படத்துக்கு மதிப்பெண்ணோ நட்சத்திரமோ போடாதீர்கள். 'நல்ல முகம்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற 21 பேரும் தங்கள் முகம் தோற்றுவிட்டதாகவே நினைப்பார்கள்.

கோவை அப்பா:

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. என் மகளுக்குப் பத்து வயது. கண்ணாடி பார்த்து வரைந்தாள், தன்னைப் போல வரவில்லை என்று தாளைக் கிழித்துப் போட்டாள். ஓவிய வகுப்பில் முட்டை வடிவம், நடுக்கோடு, கண்கோடு என்று முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது மகிழ்ச்சியாக வரைகிறாள். முறையைச் சொல்லிக்கொடுக்காமல் "நீயே பார்" என்று விட்டுவிட்டால் குழந்தை தவித்துப்போகாதா?

தூரிகை:

தம்பி, உங்கள் மகள் விஷயத்தில் அந்த வகுப்பு சரியாகத்தான் செய்திருக்கிறது. ஒன்பது, பத்து வயதில் 'என்னைப் போலவே வர வேண்டும்' என்ற ஆசை வந்துவிடும், கைக்கு அந்தத் திறமை இன்னும் வந்திருக்காது. நிறையப் பிள்ளைகள் "எனக்கு வரைய வராது" என்று வாழ்நாள் முழுவதற்கும் முடிவுசெய்வது அந்த வயதில்தான். அப்போது நடுக்கோடும் கண்கோடும் கைகொடுக்கும். அதற்குப் பிறகு கட்டம் போட்டு வரைவதும் நல்ல பயிற்சி.

எட்டு வயதில் அந்தக் கோடுகளை நாம் கையில் கொடுத்தால் அதுவும் இன்னொரு வாய்பாடாகிவிடும். ஈர்க்கை முறித்து அவர்களே அளந்த கோடு என்றால் மறக்காது. முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறை அவர்கள் முகத்திலிருந்து வரட்டும் என்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. முழு முகம் என்றால் மலைத்துப்போகும் பிள்ளைக்கு ஒரு கண்ணை மட்டும் ஒரு தாள் முழுக்கப் பெரிதாக வரையக் கொடுங்கள். இமை, இமைமயிர், கருமணிக்குள் தெரியும் ஜன்னலின் வெளிச்சப் புள்ளி. அதை வரைந்து முடித்த பிள்ளை அடுத்த கண்ணையும் தானே கேட்டு வாங்கும்.

சாரல் டீச்சர்:

ஐயா, எல்லோருக்கும் நன்றி. கண்ணாடிகள் வாங்கிவிட்டேன். தொட்டுப் பார்ப்பதும் ஈர்க்குச்சியும் முடிந்தன. "கண் நடுவில் இருக்கிறது" என்று தலைமையாசிரியரின் தலைமேலும் புத்தகம் வைத்து அளந்துவிட்டு வந்தார்கள்.

நிறம் கலக்கும் வகுப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொருவரும் தங்கள் கட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள்: கருப்பட்டி, புளியங்கொட்டை, நாட்டுச் சர்க்கரை, ஈர மண். 'படத்தில் இப்படித்தான் போட வேண்டும்' என்றவள் பழுப்பும் கருநீலமும் கலந்து, முன்கையில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நீலம் வேண்டும் என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு வாங்கினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தழும்புள்ள பையன் நேராகப் பார்த்தே வரைகிறேன் என்று சொல்லிவிட்டான். பென்சிலில் பாதிவரை வந்திருக்கிறான்.

இப்போது புதுச் சிக்கல். எல்லோரும் கண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். நுணுக்கமாகப் பார்ப்பதால் கண் பெரிதாகிவிடுகிறது. வாய் வரும்போது தாள் தீர்ந்துவிடுகிறது. ஆறு பேருக்கு மோவாயே இல்லை. ரப்பரும் இல்லையே, என்ன செய்வது? சுவரில் ஒட்டுவதைப் பற்றியும் சொல்லுங்கள்.

தூரிகை:

மோவாய் இல்லாதவர்களுக்குக் கீழே இன்னொரு தாளைப் பின்பக்கமாகப் பசை போட்டு ஒட்டிக்கொடுங்கள். அவர்கள் தொடர்ந்து வரையட்டும், கழுத்தும் சட்டைக் காலரும்கூட வந்துவிடும். புதுத் தாளில் மறுபடி தொடங்கச் சொல்லாதீர்கள். நன்றாகப் பார்த்து வரைந்த கண்ணைத் தூக்கிப்போடுவதா?

இன்னும் தொடங்காதவர்களுக்கு: உள்ளங்கையின் அடியை மோவாயில் வைத்துக் கையை முகத்தின்மேல் விரிக்கச் சொல்லுங்கள். நடுவிரல் நெற்றியில் முடி தொடங்கும் இடத்துக்கு அருகே போகும். அதே கையைத் தாளின் நடுவில் வைத்து, மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. முகம் அவற்றுக்குள் அடங்கும். மேலே முடிக்கும் மண்டைக்கும் இடம் விட்டுக்கொள்ள வேண்டும். ஏ4 தாள் இதற்குப் போதும், நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒரே மூச்சில் முடிக்கவும் வேண்டாம். இருபது நிமிடத்துக்கு மேல் அந்த வயதில் கண் நிற்காது. இன்று பென்சில், நாளை வண்ணம்.

சுவரில் ஒட்டும்போது உங்கள் கண் உயரத்துக்கு ஒட்டாதீர்கள், அவர்கள் கண் உயரத்துக்கு ஒட்டுங்கள். வருகைப் பதிவேட்டு வரிசையே போதும். ஒட்டலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், அந்தப் பையனிடம் மட்டும் கேட்பதுபோல இருக்கக் கூடாது. லாமினேஷன் வேண்டாம், அதன் பளபளப்பில் கிரேயானின் தடம் மறைந்துவிடும். கிரேயான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், சுவரிலிருந்து எடுத்த பிறகு ஒவ்வொரு படத்துக்கும் நடுவே ஒரு செய்தித்தாள் வைத்து அடுக்குங்கள். பெயரையும் தேதியையும் தாளின் பின்பக்கம் அவர்களே எழுதட்டும். ஏப்ரலில் ஆண்டு முடியும்போது இன்னொரு முறை வரையவைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தத் தேதி வேண்டும். அதற்குள் அந்த முன்பற்களும் முளைத்திருக்கும்.